மப் எதைச் சொன்னாலும் "பஸ் போகுமா?" என்று கேளுங்கள்

கிளிநொச்சியில் ஹயருக்கு வான் ஓடுகிறேன். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து, கொழும்பில் கார் எடுத்து, போனில் வழிகாட்டும் வரைபடத்தை, அதாவது மப்பை, நம்பித் தாங்களே ஓடிவருபவர்கள் எங்காவது காட்டுக்குள் நின்றுகொண்டு போன் எடுப்பார்கள். பெரும்பாலும் ஒரே வசனம்தான்: "அண்ணை, இங்க சற்றலைட் வேலை செய்யேல்லைப் போல."

பாவம், அந்தச் சற்றலைட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிக்கொண்டு, "இப்போது நேரம் இது, நான் நிற்கும் இடம் இது" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கோயில் மணி போலத்தான். சத்தம் மட்டும் வரும், எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்று கேட்பவர் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் போன் குறைந்தது நான்கு கோள்களின் சிக்னலை எடுத்து, ஒவ்வொன்றும் வந்துசேர எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்து, தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. அந்த நேரக் கணக்கு ஒரு மைக்ரோ செக்கன் பிசகினால் 300 மீற்றர் தள்ளிப்போய்விடும். இருந்தாலும் வெளியான இடத்தில் சாதாரண போனே 5 மீற்றர் அளவுக்குச் சரியாகக் காட்டும். உயரமான கட்டடங்களில் சிக்னல் பட்டுத் தெறிப்பது கொழும்புக்காரரின் தலையிடி. வன்னியில் வயலும் வெட்டவெளியும்தான். அடர்ந்த காட்டுக்குள் சிக்னல் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான்.

ஆகவே இங்கே வழி பிழைத்தால் முதலில் நீல நிறப் புள்ளியைப் பாருங்கள். நீங்கள் உண்மையில் நிற்கும் இடத்தில் புள்ளி நின்றால் சற்றலைட்டை விட்டுவிடுங்கள். பிழை நீங்கள் கொடுத்த முகவரியில் இருக்கும், அல்லது வரைபடத்தில் இருக்கும்.

புள்ளியே குழம்புகிற சந்தர்ப்பம் இரண்டு உண்டு. ஒன்று, புறப்படும்போது. வாகனம் அசையாமல் நின்றால் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. போனுக்குள் இருக்கும் காந்தத் திசைகாட்டியும் காரின் இரும்புக்குள் தடுமாறும். அதனால்தான் கரடிப்போக்குச் சந்தியில் நின்றுகொண்டு பரந்தன் பக்கம் போகவேண்டியவரை, கிளிநொச்சி நகருக்குத் திரும்பச் சொல்கிறது. கொஞ்சத் தூரம் ஓடுங்கள், தானாகத் திருந்தும். மற்றது, இரணைமடுக் குளத்து வாய்க்கால் வீதிகள். மப் உங்களைக் கிட்டவுள்ள கோட்டில் ஒட்டவைத்துவிடும். வாய்க்காலின் இரண்டு கரையிலும் பாதை இருந்தால் நீங்கள் இந்தக் கரையில் ஓட, அது அந்தக் கரையில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளும். "வலப்பக்கம் திரும்பவும்" என்னும்போது வலப்பக்கம் தண்ணீர் இருக்கும். அடுத்த மதகு வரை நேரே போங்கள்.

இனி முகவரிக்கு வருவோம். முக்கால்வாசிப் பிழை இதில்தான்.

எங்கள் ஊர்களுக்கு ஒரே பெயர் பல இடத்தில் உண்டு. புதுக்குடியிருப்பு முல்லைத்தீவிலும் இருக்கிறது, மன்னாரிலும் இருக்கிறது, மட்டக்களப்பிலும் இருக்கிறது. கிளிநொச்சியில் திருவையாறு இருக்கிறது. தஞ்சாவூருக்குப் பக்கத்திலும் இருக்கிறது. வட்டக்கச்சிக்கு அங்கால் இராமநாதபுரம் இருக்கிறது, தமிழ்நாட்டில் ஒரு மாவட்டமே அந்தப் பெயரில் இருக்கிறது. பெயரை அடித்ததும் மேலே வருவதை அமத்தினால் சில வேளை மப் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விடும். பாதை இல்லை என்று சொல்லிவிட்டால் நல்லது, பிழை உடனே தெரிந்துவிடும். மன்னார்ப் புதுக்குடியிருப்புக்குப் போகச் சொன்னால்தான் வில்லங்கம். அதற்கு நல்ல கார்ப்பெட் வீதி இருக்கிறது, சந்தேகமே வராது.

ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பவேண்டாம். ஒட்டுசுட்டானை எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் பலகைகளில் எழுதியிருக்கிறார்கள். தமிழில் அடித்துப் பாருங்கள். அதிலும் நல்லது, போகும் வீட்டுக்காரரையே வட்ஸ்அப்பில் லொக்கேஷன் அனுப்பச் சொல்வது. ஆனால் அவர் வீட்டில் நின்றபடி அனுப்பவேண்டும். சந்தைக்குப் போன இடத்தில் நின்று அனுப்பினால் நீங்களும் சந்தைக்குத்தான் போவீர்கள். லொக்கேஷன் அகலாங்கு, நெட்டாங்கு என்று இரண்டு இலக்கமாக வந்தால் இப்படிப் பாருங்கள்: கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் முதல் இலக்கம் பெரும்பாலும் 9இல் தொடங்கும், வவுனியா நகரில் 8.7 அளவில் இருக்கும். இரண்டாவது இலக்கம் 80இல் தொடங்கவேண்டும். தமிழ்நாட்டு இராமநாதபுரமும் கிளிநொச்சியும் கிட்டத்தட்ட ஒரே அகலாங்கில் கிடக்கின்றன. முதல் இலக்கத்தைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது 78 என்றால் அது இராமேஸ்வரத்துக்கும் அப்பால். போனில் வாசித்துக் காட்டுபவரிடம் புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கமாவது கேளுங்கள். மூன்றாவது இலக்கம் ஒன்று மாறினால் 110 மீற்றர் விலகும், நான்காவது மாறினால் 11 மீற்றர்தான்.

இலக்கம் சரியாக இருந்தும் பிழைக்கும் இடம் ஒன்று உண்டு. மப் உங்களை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. புள்ளிக்குக் கிட்டவுள்ள பாதையில் விட்டுவிட்டு "சேருமிடம் வந்துவிட்டது" என்கிறது. வீடு குளத்தின் அலைகரைப் பக்கம், அதாவது கட்டுக்கு எதிர்க்கரையில், கிட்டவுள்ள பாதை குளக்கட்டு என்றால் நீங்கள் கட்டில் நிற்பீர்கள். வீடு எதிரே தெரியும். நடுவில் குளம். புறப்பட முன்னரே செயற்கைக்கோள் படத்தை மாற்றிப்போட்டு, கோடு முடியும் இடத்தைப் பெருப்பித்துப் பாருங்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

சரி, பாதை. வரைபடத்தில் ஒரு கோடு இருப்பதால் அங்கே கார் போகும் என்று அர்த்தமில்லை. மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் கோடு வரைபவருக்கு, கிரவல் வீதியும் விறகு ஏற்றும் தடமும் ஒரே மண்ணிறமாகத்தான் தெரியும். சனம் இடம்பெயர்ந்த காலத்தில் காடு மூடிய பழைய பாதைகளும் உண்டு. ஏ9 பிரதான வீதியில் நெடுகப் போன்கள் போய்வருவதால் எவ்வளவு வேகம் ஓடலாம் என்று மப்புக்குத் தெரியும். உள்வீதிகளில் அந்தத் தகவல் சொற்பம். வீதியின் வகையை வைத்து ஒரு வேகத்தை அதுவே போட்டுக்கொள்ளும். அப்புறம் காட்டுக்குள்ளால் போவது பத்து நிமிடம் மிச்சம் என்று கணக்கு வரும்.

கிளிநொச்சியிலிருந்து முத்தையன்கட்டுக்குப் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். நேராகப் பார்த்தால் கிட்ட. இரணைமடுவுக்குக் கிழக்கே காடு, காட்டுக்கு அந்தப் பக்கம் முத்தையன்கட்டு. அந்தக் காட்டுக்குள்ளால் ஒரு கோடு காட்டினால் எடுக்காதீர்கள். ஏ9இல் மாங்குளம் போய், ஏ34இல் ஒட்டுசுட்டான் போய்த் திரும்புங்கள். அல்லது பரந்தனிலிருந்து ஏ35இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று சுற்றிவாருங்கள். மப் அடம்பிடித்தால் "நிறுத்தம் சேர்" என்பதை அமத்தி மாங்குளத்தையும் ஒட்டுசுட்டானையும் நடுவில் போடுங்கள், பேசாமல் வரும். பொழுதுபட்ட பிறகு அந்தப் பக்கம் யானையும் வரும், அது எந்த மப்பிலும் இல்லை.

ஆட்களிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "இதால போகலாமா?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "ஓம், போகலாம்" என்றுதான் சொல்வார்கள். அவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். ஒருமுறை நெடுங்கேணிப் பக்கம் வயலில் நின்ற ஐயா ஒருவரிடம், "ஐயா, இதால பஸ் போகுமோ?" என்று கேட்டேன். மண்வெட்டியை ஊன்றிவிட்டுச் சிரித்தார். "பஸ்ஸோ? தம்பி, லான்ட் மாஸ்டரே போன கிழமை புதைஞ்சது." லான்ட் மாஸ்டர் என்பது இரண்டு சக்கர உழவு இயந்திரம். எனக்கு வேண்டிய பதில் அதுதான். பஸ் ஓடும் வீதியில் எந்தக் காரும் ஓடும். "கிட்டத்தான்" என்ற பதிலை மட்டும் தூரமாக எடுக்கவேண்டாம்.

மாரி காலத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் குளங்கள் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் நேற்றுச் சரியாக இருந்த வீதி இன்று இராது. 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. முல்லைத்தீவுக்குப் போனால் நந்திக்கடலுக்குக் குறுக்கே வட்டுவாகல் பாலம். மழைக்கு அதன் மேலால் தண்ணீர் பாயும், மப் வழமைபோல நேரே போ என்னும். அந்த நாட்களில் புதுக்குடியிருப்பிலேயே திரும்பி, ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாகப் போங்கள். போகுமுன் முல்லைத்தீவில் யாருக்காவது ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.

டேட்டா விட்டுவிட்டு வரும் இடங்கள் உண்டு. வவுனியாவில் நிற்கும்போதே இந்தப் பகுதியின் மப்பைப் போனில் இறக்கிவையுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டேட்டா வேண்டாம், படத்துக்குத்தான் வேண்டும். யப்பானிலிருந்து வந்த காரில் பெரிய திரை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் யப்பான் வரைபடம். பாட்டுக் கேட்கலாம்.

ஊரில் வீடு உள்ளவர்கள் ஒரு வேலை செய்துவிட்டுப் போங்கள். மப்பில் உங்கள் ஒழுங்கை இல்லையென்றால் "திருத்தம் பரிந்துரை" என்பதில் போய்ச் சேர்த்துவிடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்றால் நீங்களே வரையலாம். சொந்தக்காரருக்கு அனுப்பும் லொக்கேஷனை வீட்டு விறாந்தையில் நின்று எடுக்காமல் படலையில் நின்று எடுங்கள். வளவு பெரிதென்றால் மப் பின் ஒழுங்கைக்குக் கொண்டுபோய்விடும், அங்கே வேலிதான் இருக்கும்.