திருத்தந்தையர் வரலாற்றில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வத்திக்கானில் குடியிருப்பவர், சிஸ்டைன் சிற்றாலயத்தில் கர்தினால்மார் என்ற உயர்நிலைக் குருக்கள் கூடித் தேர்ந்தெடுப்பவர், உலகெங்கும் ஆயர்களை நியமிப்பவர் என்று இன்றைய திருத்தந்தையை, அதாவது போப்பாண்டவரைப் பற்றி நம் மனத்தில் ஒரு சித்திரம் இருக்கிறது. அதை அப்படியே இரண்டாயிரம் ஆண்டு பின்னோக்கி இழுத்துச் செல்வதுதான் இந்த வரலாற்றைப் பற்றி எழுதுவோர் செய்யும் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன. தேர்தலில் கர்தினால்களுக்கு முதன்மை உரிமை கிடைத்தது 1059-இல், இரண்டாம் நிக்கோலாஸ் வெளியிட்ட ஆணையால். அவர்களை உள்ளே வைத்துப் பூட்டும் வழக்கம் 1274-இல்தான் சட்டமானது. விட்டர்போ நகரில் 1268 முதல் 1271 வரை ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் தேர்தல் இழுபட்டு, அவர்கள் கூடியிருந்த மாளிகையின் கூரையை ஊரார் பிரித்துப் போடும் அளவுக்கு நிலைமை முற்றிய பிறகு தேர்வான பத்தாம் கிரகோரிதான் அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார். சிஸ்டைன் சிற்றாலயம் எழுந்ததே 15-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதன் பிறகும் 1800-இல் ஏழாம் பயஸ் வெனிஸ் நகரத் தீவொன்றில் தேர்வானார்.

இருப்பிடமும் அப்படித்தான். 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை திருத்தந்தையரின் அதிகாரபூர்வ இல்லம் லாத்தரன் அரண்மனை. ரோம் ஆயருக்குரிய பேராலயம் இன்றும் லாத்தரன் புனித யோவான் ஆலயமே, புனித பேதுரு பெருங்கோவில் அன்று. வத்திக்கான் நகரம் தனி நாடானது 1929-இல். எனவே "1095-இல் வத்திக்கான் சிலுவைப் போரை அறிவித்தது" என்று எழுதுவது பொருந்தாது. அவ்வழைப்பை விடுத்தவர் இரண்டாம் அர்பன். விடுத்த இடம் பிரான்சின் கிளெர்மோன். ரோம் நகரின் ஒரு பகுதியோ அப்போது அவருக்கு எதிராக நிறுத்தப்பட்டிருந்த எதிர்த் திருத்தந்தையின் பிடியில் இருந்தது.

தொடக்க நூற்றாண்டுகளைத் தொடும்போது மரபையும் சான்றையும் பிரித்துச் சொல்லாமல் விடுவது இன்னொரு தவறு. புனித பேதுரு ரோமில் மறைசாட்சியாக இறந்தார் என்ற மரபு மிகப் பழமையானது. ஆய்வாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கின்றனர். ஆனால் அவரையும் அவருக்கு அடுத்து வந்தோரையும் பிற்கால அரசர்களைப் போல ஆண்டுக் கணக்கோடு பட்டியலிடுவதற்கு அக்காலச் சான்று இடம் தரவில்லை. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமிலிருந்து கொரிந்துக்குச் சென்ற கடிதம் கிளமென்ட் பெயரால் வழங்கினாலும் அதற்குள் அவருடைய பெயரே கிடையாது. ரோமில் உள்ள திருச்சபை எழுதுவதாகவே அது தொடங்குகிறது. ஆயரை விட்டு விலகாதீர்கள் என்று மற்ற ஊர்ச் சபைகளுக்கு ஓயாமல் எழுதிய அந்தியோக்கியா இஞ்ஞாசியார், ரோமுக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் அந்நகரின் ஆயர் என்று எவரையும் குறிப்பிடவில்லை. பெயர்வரிசை தெளிவாகக் கிடைப்பது ஏறத்தாழ 180-இல், இரனேயு எழுதியதில். இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அச்சபையை மூப்பர் குழு வழிநடத்தியிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவது இதனால்தான். நம்பிக்கை சார்ந்த கூற்றை நம்பிக்கை என்றே எழுதினால் இதில் சண்டைக்கு இடமில்லை.

கான்ஸ்டன்டைன் பேரரசர் மீது ஏற்றப்படும் சுமை கொஞ்சநஞ்சமல்ல. 313-இல் அவர் கிறிஸ்தவத்துக்கு அளித்தது வழிபாட்டு உரிமை. அரசு மதம் ஆக்கியது 380-இல் தியோடோசியஸ் காலத்து ஆணை. 325-இல் நீசேயாவில் கூடிய சங்கத்துக்குத் திருத்தந்தை தலைமை தாங்கினார் என்பதும் சரியன்று. கூட்டியவர் பேரரசர், அன்றைய ரோம் ஆயர் சில்வெஸ்தர் தம் சார்பில் இரு குருக்களை அனுப்பினாரே ஒழிய நேரில் போகவில்லை. மேற்கு நாடுகளின் ஆட்சியையே கான்ஸ்டன்டைன் இந்தச் சில்வெஸ்தருக்கு எழுதிக் கொடுத்தார் என்று சொல்லும் 'கான்ஸ்டன்டைன் கொடை' பெரும்பாலும் 8-ஆம் நூற்றாண்டில் புனையப்பட்ட போலி ஆவணம். இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா 1440-இல் அதை அம்பலப்படுத்திய விதம் சுவையானது. பாரசீக மாகாண ஆளுநர்களைக் குறிக்கும் 'சாத்ரப்' என்ற பட்டத்தை ரோமப் பேரரசரின் ஆணையில் நுழைத்தது யார் என்று கேட்டார். அந்நகர் எழும் முன்பே கான்ஸ்டான்டினோப்பிளுக்கு மறைமுதல்வர் என்ற தலைமை ஆயர் எப்படி வந்தார் என்று கேட்டார். ஆவணம் போலி என்பதால் திருத்தந்தையரின் நிலப்பரப்பே கற்பனை என்று எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. பிராங்க் அரசர் பெப்பின் 756-இல் அளித்த நிலங்களிலிருந்து வளர்ந்த அந்த அரசு 1870 வரை நிலைத்தது.

பெண் போப் ஜோன் கதையைச் சில வரிகளில் முடித்துவிடலாம். 855-ஐ ஒட்டி அவர் இரண்டரை ஆண்டு பதவியில் இருந்ததாகக் கதை சொல்கிறது. கதை ஏட்டில் ஏறியதோ 13-ஆம் நூற்றாண்டில். நான்காம் லியோ இறந்தது 855 ஜூலையில். அவருக்குப் பின் வந்த மூன்றாம் பெனடிக்ட்டின் பெயரும் பேரரசர் லோத்தாரின் பெயரும் சேர்ந்து பொறித்த வெள்ளிக்காசு கிடைத்திருக்கிறது. லோத்தார் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். இடையில் எஞ்சுவது சில வாரங்கள்.

அதிகக் குழப்பம் நேருமிடம், இன்றைய தென் பிரான்சில் உள்ள அவிஞ்ஞோன். திருத்தந்தையர் அங்கே இருந்து ஆண்ட காலம், அதன் பின் திருச்சபையில் நேர்ந்த பெரும் பிளவு என்ற இரண்டு தனித்தனி நிகழ்வுகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறார்கள். 1309 முதல் 1377 வரை, ஐந்தாம் கிளமென்ட் தொடங்கிப் பதினொன்றாம் கிரகோரி ஈறாக, எழுவர் அவிஞ்ஞோனில் இருந்து ஆண்டனர். எழுவரும் பிரெஞ்சுக்காரர்கள், எழுவரும் முறைப்படி தேர்வானவர்கள். போட்டிப் போப்பாண்டவர்கள் அல்லர். அந்நகரும் அன்று பிரெஞ்சு அரசுக்குச் சொந்தமில்லை. புரோவான்சின் சீமாட்டியுமாயிருந்த நேப்பிள்ஸ் அரசி ஜொவான்னாவிடமிருந்து 1348-இல் ஆறாம் கிளமென்ட் அதை 80,000 பொற்காசுக்கு விலைக்கு வாங்கினார்.

பிளவு தொடங்கியது, கிரகோரி ரோமுக்குத் திரும்பி இறந்த பிறகு, 1378-இல். ரோமானியரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் விடமாட்டோம் என்று மக்கள் வெளியே கூச்சலிட, கர்தினால்மார் இத்தாலியரான ஆறாம் அர்பனைத் தேர்ந்தெடுத்தனர். அவருடைய கடுமையைத் தாங்க முடியாமல் சில மாதங்களில் அவர்களில் பெரும்பாலோரே, அச்சத்தில் நடந்த தேர்தல் செல்லாது என்று கூறி, ஏழாம் கிளமென்ட்டை நிறுத்தினர்; அவர் அவிஞ்ஞோனில் அமர்ந்தார். இரு தரப்பையும் விலக்கி மூன்றாமவரை அமர்த்த 1409-இல் பீசாவில் எடுத்த முயற்சியில், இரண்டு மூன்றானதுதான் மிச்சம். கான்ஸ்டான்ஸ் சங்கம் 1417-இல் ஐந்தாம் மார்ட்டினைத் தேர்ந்தெடுத்த பின்னரே பிளவு தீர்ந்தது. இதில் யார் மெய், யார் போலி என்று இன்று நாம் எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அன்று சியன்னா கத்தரீன் ரோம் பக்கமும், விசேந்தே பெரர் அவிஞ்ஞோன் பக்கமும் நின்றனர். இருவரையும் பின்னாளில் புனிதராக அறிவித்தது ஒரே திருச்சபைதான்.

ஆறாம் அலெக்சாண்டருக்குப் பிள்ளைகள் இருந்தார்களே, பிறகு திருத்தந்தைக்குத் தவறா வரம் எங்கே வந்தது என்று கேட்போர் பலர். அந்தக் கோட்பாடு பாவமின்மையைச் சொல்லவில்லை. விசுவாசம், ஒழுக்கம் பற்றித் திருச்சபை முழுவதையும் கட்டுப்படுத்தும் இறுதிப் போதனையாகத் திருத்தந்தை அறிவிப்பதை மட்டுமே அது பற்றியது. அதைக் கோட்பாடாக வரையறுத்ததும் 1870 ஜூலை 18-இல் முதலாம் வத்திக்கான் சங்கத்தில்தான். அதன் பின் அவ்வாறு வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது 1950-இல் மரியாவின் விண்ணேற்பு ஒன்றே.

போப்பாண்டவர் உலகத்தை இரண்டாகப் பிளந்து கொடுத்தார் என்ற வாசகத்திலும் பாதிதான் உண்மை. புதிதாகக் கண்ட நிலங்களில் யாருக்கு எது என்று பிரிக்க 1493-இல் ஆறாம் அலெக்சாண்டர் வரைந்த எல்லைக்கோட்டை மறு ஆண்டே தோர்தெசில்லாஸ் ஒப்பந்தத்தில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் தமக்குள் பேசி மேற்கே தள்ளி வைத்துக்கொண்டன. போர்ச்சுகீசிய அரசருக்கு அளித்த பத்ரோவாதோ என்ற திருச்சபைப் புரவலர் உரிமையால் கீழ்த்திசை மறைமாவட்டங்களுக்கு ஆயர்களை முன்மொழிந்தவர் அவ்வரசரே. 1606-இல் நிறுவப்பட்ட மயிலாப்பூரும் அவற்றில் ஒன்று. மதுரையில் இயேசு சபைக் குரு ராபர்ட் தே நொபிலி தொடங்கிய, மதம் மாறியோர் குடுமியும் பூணூலும் வைத்துக்கொள்ளும் வழக்கத்தை 15-ஆம் கிரகோரி 1623-இல் அனுமதித்தார். ரோமிலிருந்து அந்த ஒரு முடிவு வரும் முன் கோவாவில் நடந்த வாதப் பிரதிவாதங்களைப் படித்தால், திருத்தந்தை சொன்னது உடனே எங்கும் நடந்தது என்ற எண்ணம் போய்விடும்.

கடைசியாக, எண்கள். இருபதாம் யோவான் என்று ஒருவர் இருந்ததே இல்லை. இடைக்கால எழுத்தர்கள் எண்ணிக்கையில் சறுக்கினார்கள். பீசா வரிசையில் வந்த கொஸ்ஸாவும் 23-ஆம் யோவான் என்றே தம்மை அழைத்துக்கொண்டார். திருச்சபை அவரைக் கணக்கில் சேர்க்காததால் 1958-இல் திருத்தந்தையான ரொன்கல்லி அதே எண்ணை எடுத்துக்கொண்டார். 2025 மே மாதம் தேர்வான 14-ஆம் லியோ 267-ஆவது திருத்தந்தை என்பது சரி. ஆனால் அவருடன் சேர்த்து இதுவரை 267 பேர் பதவி வகித்தார்கள் என்று எழுதக்கூடாது: 11-ஆம் நூற்றாண்டில் பதவியில் அமர்ந்து, இழந்து, மறுபடி அமர்ந்த ஒன்பதாம் பெனடிக்ட் ஒருவரே அப்பட்டியலில் மூன்று முறை எண்ணப்படுகிறார்.