புலிக் கணக்கெடுப்புக்கு முதல் முறை போகிறீர்களா? கேமரா மாட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

சத்தியமங்கலம் காட்டில் முதல் முறை தானியங்கி கேமரா வேலை பார்த்தபோது, ஒரே புலியை இரண்டாக எண்ணிவிட்டோம். அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய மூன்று வாரம் பிடித்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அந்த மூன்று வாரம் மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வனத்துறை அனுமதி, கூட வர வேட்டைத் தடுப்புக் காவலர், ஜி.பி.எஸ். எல்லாம் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

கேள்வியை முடிவு செய்யுங்கள்

"எத்தனை இருக்கின்றன?" என்பது ஒரு கேள்வி. "எங்கெல்லாம் இருக்கின்றன?" என்பது வேறு கேள்வி. பரப்பு பெரிது, ஆளும் பணமும் குறைவு என்றால் இரண்டாவதுதான் கைக்கு எட்டும். கர்நாடக மலைநாட்டில் சுமார் 38,000 சதுர கி.மீ. பரப்பை 188 சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, காட்டுப் பாதைகளில் நடந்து தடயம் தேடியே புலி வாழும் இடங்களைக் கணித்தது புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்தின் குழு. அந்த ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு புலி சுற்றித் திரியும் எல்லையைவிடக் கட்டம் பெரிதாக இருக்க வேண்டும், அதனால்தான் அந்த அளவு.

நடக்கும்போது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியாகப் பதியுங்கள். கால்தடம், எச்சம், கீறல் எது இருந்தாலும் 1, இல்லாவிட்டால் 0. பூஜ்யத்தை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். புலி இருந்தும் நம் கண்ணில் படாமல் போக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுவதே அந்த 1, 0 வரிசையை வைத்துத்தான். செந்நாய்க்கு எனக்குப் பிடித்த வழியும் இதுதான். ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் வரியோ புள்ளியோ அதற்குக் கிடையாது. ஆனால் பாதைகள் கூடும் இடத்தில் கூட்டமாக எச்சமிடும், தேடுவது எளிது.

எண்ணிக்கை வேண்டுமென்றால் கேமரா. உடம்பிலுள்ள வரி புலிக்குப் புலி வேறுபடும், படத்தில் அதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறோம். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்க நடக்கும் கணக்கெடுப்பில் இரண்டும் சேர்ந்தே நடக்கிறது. முதலில் பீட் பீட்டாக (ஒரு வனக்காவலரின் பொறுப்பிலுள்ள காட்டுப் பகுதிதான் பீட்) நடந்து தடயம் தேடுவார்கள், அப்புறம் கேமரா. 2018இல் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். படத்தில் தனித்தனியாக அடையாளம் தெரிந்தவை 2,461 புலிகள். மதிப்பீடு 2,967. படத்தில் சிக்காதவற்றையும், கேமரா வைக்காத காடுகளையும் கணக்கில் சேர்ப்பதால் வரும் வித்தியாசம் அது.

கேமரா மாட்டுதல்

2 சதுர கி.மீ. கட்டத்துக்கு ஒரு ஜோடி, பாதையின் இரு பக்கமும் ஒவ்வொன்று. காய்ந்த ஓடை, வண்டித்தடம், தடயம் கிடைத்த முச்சந்தி இவற்றைத் தேர்ந்தெடுங்கள். முழங்கால் உயரம், பாதையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் தள்ளி. இரண்டும் நேருக்கு நேர் பார்க்காமல் சற்று விலகியிருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்றின் ஃபிளாஷ் மற்றதன் படத்தைக் கெடுக்கும். முன்னாலிருக்கும் உண்ணிச்செடியை வெட்டிவிடுங்கள்.

கடிகாரம்

நாங்கள் விழுந்த இடம் இது. ஒரு ஜோடியில் இடப்பக்கக் கேமராவில் காலை 5.10க்கு ஒரு புலி. வலப்பக்கக் கேமராவில் அந்த நேரத்தில் படமே இல்லை. மாலை 5.10க்குத்தான் அதில் ஒரு புலி இருந்தது. புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க முடியாது. இரண்டு கேமராவும் ஒரே நொடியில் எடுத்த படம்தான் இரண்டு பக்கமும் ஒரே புலியுடையவை என்று சொல்லும். அந்தச் சாட்சி எங்களிடம் இல்லாததால் இரண்டு புலி என்று எழுதிவிட்டோம்.

பிறகு படத்தை உற்றுப் பார்த்தபோதுதான் உறைத்தது. மாலை 5.10 படத்தில் கும்மிருட்டு. அந்த நேரத்துக்கு இங்கே வெயிலே இறங்கியிருக்காது. பேட்டரி மாற்றிய பிறகு நேரத்தைத் திரும்ப வைக்கும்போது காலை, மாலை மாறியிருந்தது.

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். எல்லாக் கேமராவிலும் 24 மணி நேர முறை. முந்தின இரவே அறையில் உட்கார்ந்து ஒரே கைப்பேசியைப் பார்த்து நேரம் வைப்பது. மாட்டியதும் கைப்பேசிக் கடிகாரத்தை லென்ஸுக்கு முன் பிடித்து ஒரு படம். பேட்டரி மாற்றும் முன்னும் பின்னும் ஒன்று, கழற்றும்போது ஒன்று. சில மாடல்களில் பேட்டரியை எடுத்தாலே தேதி பழையபடி ஆகிவிடும். அந்தப் படம் இருந்தால் எவ்வளவு பிசகியது என்று தெரியும். கேமராப் படங்களைக் கையாள ஆர் (R) நிரல்மொழியில் உள்ள காம்ட்ராப்ஆர் (camtrapR) தொகுப்பில் டைம்ஷிஃப்ட்இமேஜஸ் (timeShiftImages) என்ற கட்டளை எல்லாப் படத்தையும் ஒரே நேரத்தில் திருத்திவிடும். மூலப்படத்தில் கை வைக்காதீர்கள், நகலில் செய்யுங்கள். எக்செலில் கையால் திருத்துவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வரி பொருத்த எக்ஸ்ட்ராக்ட்கம்பேர் நல்ல மென்பொருள். ஆனால் அது காட்டும் ஜோடியை இரண்டு பேர் தனித்தனியாகக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே பதியுங்கள். கேமராவில் என் தேர்வு வெள்ளை ஃபிளாஷ். ஓடும் புலியின் வரிகூட இரவில் கூர்மையாக விழும்.

பின்சேர்க்கை 1: கருஞ்சிறுத்தைகளை ஒன்றிலிருந்து ஒன்று எப்படிப் பிரித்தறிவது என்று நீலகிரியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். அங்கே வெள்ளை ஃபிளாஷ் உதவாது. அகச்சிவப்புக் கேமராவில் இரவில் எடுத்தால் கறுப்புத் தோலுக்குள் இருக்கும் புள்ளிகள் தெரியும்.

பின்சேர்க்கை 2: பகலில் படமே விழவில்லை என்று இன்னொருவர் எழுதினார். உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சென்சார் உணர்கிறது. கோடையில் தரையும் பாறையும் விலங்கைப் போலவே கொதிக்கும்போது அதற்குப் பிடிபடாது. குளிர் மாதங்களில் தொடங்கி, பங்குனி வெயில் ஏறுவதற்குள் கேமராவைக் கழற்றும்படி தேதி குறித்துக்கொள்ளுங்கள்.