பழைய கேசட்டுகளை மாற்றித் தரும் ஸ்டுடியோக்கள் வீடியோ இணைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்யாண வீடியோ கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் சிறிய ஸ்டுடியோக்களில் ஒரு விசிஆர், ஒரு ஹேண்டிகேம், ஒரு டிவி, கணினியோடு, படத்தை அதில் பதிவாக்கும் ஒரு கேப்சர் கருவி ஆகியவையே பெரும்பாலும் இருக்கும். இவற்றுக்கு நடுவே மாட்டப்படும் வயர்களையும் சிறு பெட்டிகளையும் யாரும் பெரிதாக ஆராய்வதில்லை. திரையில் படம் தெரிந்துவிட்டால் இணைப்பு சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். டிஜிட்டல் இணைப்பில் கோளாறு இருந்தால் அநேகமாகப் படமே வராது. அனலாக்கில் படம் வரத்தான் செய்யும். மங்கியோ வெளிறியோ வரும், பழியைக் கேசட்டின் வயது சுமக்கும்.

மிகுதியாக நடக்கும் தவறு, சிக்னலைப் பிரிப்பதில் இருக்கிறது. விசிஆரின் மஞ்சள் நிற அவுட்டில் ஒரு ஒய் கனெக்டரைச் செருகி, ஒரு முனையை டிவிக்கும் மறுமுனையைக் கேப்சர் கருவிக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த மஞ்சள் அவுட்டில் வரும் காம்போசிட் வீடியோ என்பது 1 வோல்ட் அளவுள்ள சிக்னல். அதில் ஏறத்தாழ 0.7 வோல்ட் படத்துக்கும் 0.3 வோல்ட், ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் சிங்க் துடிப்புக்கும் உரியது. எதிர்முனையில் 75 ஓம் சுமை ஒன்றே ஒன்று இருக்கும் என்ற கணக்கில்தான் அந்த அவுட் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கருவிகள் சேரும்போது சுமை 37.5 ஓமாகி, 1 வோல்ட் 0.67 வோல்ட்டாக இறங்கிவிடும். படம் இருண்டு போவதை மென்பொருளில் ஓரளவு தூக்கிவிடலாம், கூடவே புள்ளிகளும் தூக்கிக்கொண்டு வரும் என்றாலும். ஆனால் சிங்க் துடிப்பும் 0.2 வோல்ட்டுக்கு இறங்குவதால், ஏற்கெனவே தேய்ந்திருக்கும் டேப்பில் படத்தின் மேற்பகுதி வளைவதையும் நடுநடுவே கிழிவதையும் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பழைய ஸ்டுடியோ மானிட்டர்களின் பின்புறத்தில் இன், அவுட் என இரண்டு பிஎன்சி (திருகிப் பூட்டும் வகை) சாக்கெட்டுகளும், பக்கத்தில் அந்தச் சுமையைச் சேர்க்கவும் நீக்கவும் 75 ஓம் என்று எழுதிய ஒரு சிறு சுவிட்சும் இருக்கும். சிக்னல் அந்த மானிட்டரோடு முடிகிறது என்றால் சுவிட்சைப் போட வேண்டும். அங்கிருந்து வேறொரு கருவிக்குப் போகிறது என்றால் அணைக்க வேண்டும். கடைசிக் கருவியிலும் அது அணைந்திருந்தால் அளவு 2 வோல்ட் வரை எகிறி, மாப்பிள்ளையின் பட்டு வேட்டி மடிப்பே தெரியாத வெள்ளைத் திட்டாகிவிடும். இந்தச் சுவிட்சு இல்லாத கருவிகளை இணைக்க வேண்டியிருந்தால், ஒவ்வொரு அவுட்டையும் தனித்தனியாக ஓட்டும் டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபையர்தான் முறையானது. ஸ்ப்ளிட்டர் என்ற பெயரில் விற்கப்படும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை என்றால், அதுவும் ஒய் கனெக்டர்தான். வயரைப் பொறுத்தவரை, ஒரு மீட்டருக்குள் எதுவும் பெரிதாகக் கெட்டுவிடாது. அதற்கு மேல் போனால் ஆர்ஜி-59 போன்ற 75 ஓம் கோஆக்சியல் வயரையே பயன்படுத்த வேண்டும்.

கன்வர்ட்டர் வாங்கும்போது திசையைப் பார்க்காமல் வாங்கி ஏமாறுவோர் ஏராளம். ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் பெட்டியும் எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் பெட்டியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றைத் திருப்பி மாட்டி மற்றொன்றாக்க முடியாது. சரியான பெட்டியே கிடைத்தாலும், அதைக் கேப்சர் கருவிக்கு முன்னால் வைக்காதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. மலிவான கன்வர்ட்டர் 625 வரிப் படத்தை 720 அல்லது 1080க்கு இழுத்து, 4:3 அளவை அகலமாக்கி, ஒரு ஃபிரேமின் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளுமான இரண்டு ஃபீல்டுகளையும் அரைகுறையாகக் கலந்துதான் வெளியே அனுப்பும். எல்லோரும் ஒரு சுற்றுப் பருத்துத் தெரிவார்கள். டேப்பின் சிங்க் தடுமாறும் இடங்களில் ஃபிரேம்களையும் விட்டுவிடும். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) முறையில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட் என்பதால், ஒலியைத் தனி வழியில் எடுப்பவர்களுக்கு நாதஸ்வரம் ஒரு பக்கமும் விரல்கள் ஒரு பக்கமுமாக விலகிக்கொண்டே போகும். கேப்சர் கருவியிலேயே மஞ்சள் சாக்கெட் இருந்தால் நேராக அதில் கொடுப்பதே போதும். டேப் மிகவும் தடுமாறினால், நடுவில் வரிகளின் நேரத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வைக்க வேண்டும். அதற்கு வசதியில்லாத பலர் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 போன்ற பழைய டிவிடி ரெக்கார்டர் வழியாகச் சிக்னலைக் கடத்தி வரிகளை நேராக்கிக்கொள்கிறார்கள்.

அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் உறவினர் அனுப்பிய கேசட்டுகள் அந்த நாடுகளின் டிவி முறையான என்டிஎஸ்சி முறையில் இருக்கும். நம் ஊர் விசிஆர்கள் சில அவற்றை ஓட்டினாலும், 525 வரிகளோடு பால் நிறத்தைக் கலந்தே வெளியே விடுகின்றன. டிவியில் நிறத்தோடு தெரியும் அந்தப் படம் கணினியில் கறுப்பு வெள்ளையாக வந்தால் வயரைச் சந்தேகிப்பது வீண்வேலை, 3.58 மெகாஹெர்ட்ஸ் என்டிஎஸ்சியை அப்படியே தரும் விசிஆர் வேண்டும், அல்லது கேப்சர் அமைப்பில் பால்-60 எனப்படும் இந்தக் கலப்பு முறை இருக்க வேண்டும். ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ இணைப்பிலும் மூலக் கருவி என்ன தருகிறது என்பதே முக்கியம். ஹை8 கேமராவில் அந்த அவுட் இருந்தால் பயன்படுத்துவதில் பலன் உண்டு. காம்போசிட்டை ஒரு சிறு அடாப்டர் வழியாக எஸ்-வீடியோவாக்குவதில் ஒரு பலனும் இல்லை.

இரண்டு கேமராக்களை வைத்து நேரலையாகப் படம் எடுப்பவர்கள் பொத்தான் அழுத்தும் சாதாரண ஏவி செலக்டரை ஸ்விட்சராகப் பயன்படுத்தினால், ஒவ்வொரு மாற்றத்திலும் படம் ஒரு குலுங்கு குலுங்கும். இரு கேமராக்களின் சிங்க்கும் ஒரே நேரத்தில் தொடங்காததே இதற்குக் காரணம். சிறிய கேமராக்களில், சிங்க்கை வெளியிலிருந்து ஒத்திசைக்கும் ஜென்லாக் வசதி இருக்காது என்பதால், பானசோனிக் டபிள்யூஜே-எம்எக்ஸ்50 போல இரு படங்களையும் தானே ஒத்திசைக்கும் ஃபிரேம் சிங்க்ரனைசர் உள்ள மிக்சரே வேண்டும்.

படத்தில் மங்கிய பட்டை ஒன்று மெதுவாக நகர்ந்தால் அது எர்த் வேறுபாட்டால் வருவது. பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டால் பட்டை போய்விடும் என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். பட்டை போகலாம், ஆனால் கருவியின் உலோக உடலைத் தொடுபவருக்கு ஷாக் அடிக்கும் அபாயம் வந்துவிடும். எல்லாக் கருவிகளையும் ஒரே பவர் போர்டில் மாட்டிப் பார்த்து, அப்போதும் பட்டை போகாவிட்டால், அந்த ஒரு வீடியோ வயருக்கு நடுவில் மட்டும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட வேண்டும்.