மழைக்கால நாற்றமும் நைலான் கழுத்துப்பட்டையும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் எங்கள் தெரு மூழ்கி, மூன்று நாட்கள் மின்சாரம் இல்லாதிருந்தபோது, எங்கள் கோல்டன் ரெட்ரீவர் நாயின் மேல் ஊறிய துணியைப் போன்ற நாற்றம் எழுந்தது. இடது காதின் கீழே அது ஓயாமல் சொறிந்துகொண்டும் இருந்தது.

முதலில் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினேன். நாற்றம் ஒரே நாளில் திரும்பியது. பிறகு தூவிய பவுடர் முடிக்குள் மாவுபோல் திரண்டு ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். உண்ணி இருக்குமோ என்று தேடியதில் இன்னொரு நாள் வீணாயிற்று.

கழுத்துப்பட்டையைக் கழற்றிய பிறகே காரணம் புரிந்தது. மேல்முடி கைக்கு உலர்ந்ததாகத் தெரிந்தாலும், பட்டைக்கு அடியில் முடியை விலக்கி டிஷ்யூ தாளை வைத்து அழுத்தியபோது அது நனைந்து வந்தது; அங்கே ஐந்து ரூபாய் நாணய அளவில் தோல் சிவந்து கசிந்திருந்தது. கால்நடை மருத்துவர் அவ்விடத்து முடியை மட்டும் கத்தரித்து, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் துடைத்து, பட்டையின்றி உலரவிடச் சொன்னார். ஒரு வாரத்தில் ஆறியது. அப்பாடா என்றிருந்தது.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் வருமுன்பே அடிமுடியை வாரிச் சிக்கெடுத்து, பாதத்தின் விரலிடுக்கு முடியையும் குறைத்துவிட்டேன். மொட்டையடிக்கவில்லை, இரட்டை அடுக்கு முடியுள்ள இனத்துக்கு அது கேடு. மின்சாரம் போனால் ஹேர் டிரையர் உதவாது என்பதால், பழைய பருத்தி வேட்டிகள் நான்கைத் துவைத்து எடுத்துவைத்தேன். புதுத் துண்டைவிட அவையே நீரை நன்றாக உறிஞ்சுகின்றன. பட்டை இப்போது வெளியே போகும்போது மட்டும்தான்.