சின்ன டிராக்டருக்கு எந்தக் கலப்பை? வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

சென்னையில் வேலை, திருவள்ளூர் பக்கமோ மதுராந்தகம் பக்கமோ இரண்டு மூன்று ஏக்கர், அதற்கு 15 முதல் 27 எச்பிக்குள் ஒரு சின்ன டிராக்டர் என்று இறங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். டிராக்டரை நாலு ஷோரூம் ஏறி இறங்கித்தான் வாங்குகிறார்கள். பின்னால் மாட்டும் கருவியை மட்டும் "எல்லாரும் 9 கொழுதான் எடுக்குறாங்க" (கொழு என்பது மண்ணைக் கிளறும் இரும்பு முனை) என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். எச்பி போதும், அப்புறம் என்ன என்று கேட்கலாம். சின்ன டிராக்டரில் எச்பி தீர்வதற்கு முன்பே எடை தீர்ந்துவிடும். எப்படி என்று பார்ப்போம்.

படி 1: மண்

பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உதிர்ந்தால் உழலாம். உருண்டையாகவே கிடந்தால் ஈரம் அதிகம், இரண்டு நாள் பொறுங்கள்.

கலப்பை கிளறும் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் மண் ஒரு எதிர்ப்பைக் கொடுக்கிறது. மணற்பாங்கான மண்ணுக்கு 0.2 முதல் 0.3 கிலோ, நடுத்தர மண்ணுக்கு 0.3 முதல் 0.5 கிலோ, ஏரிப் பாசனத்து நெல் வயல் களிமண்ணுக்கு 0.5க்கு மேல். இது தோராயம்தான். ஆனால் தப்பான கருவியைத் தவிர்க்க இது போதும்.

படி 2: இழுவைக் கணக்கு

முக்கியமான படி இதுதான். பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

5 கொழுக் கலப்பை, கொழுவுக்குக் கொழு 9 அங்குல இடைவெளி என்றால் உழும் அகலம் சுமார் 112 செ.மீ. ஆழம் 10 செ.மீ. நடுத்தர மண் 0.35 என்று வையுங்கள். 112 × 10 × 0.35 = சுமார் 390 கிலோ இழுவை.

இழுவையை வேகத்தால் பெருக்கி 270ஆல் வகுத்தால் எச்பி வரும். மணிக்கு 3.5 கி.மீ. வேகத்தில் 390 × 3.5 ÷ 270 = சுமார் 5 எச்பி.

அதே கணக்கை 9 கொழுவுக்குப் போடுங்கள். அகலம் 202 செ.மீ., இழுவை சுமார் 710 கிலோ, எச்பி சுமார் 9. உழுத மண்ணில் எஞ்சின் எச்பியில் பாதியாவது இழுவைக்குக் கிடைக்கும் என்று வைத்தால், 24 எச்பி டிராக்டரில் 12 இருக்கிறது. தாராளம்போலத் தெரிகிறதா? இப்போது எடைக்கு வாருங்கள். 900 கிலோ எடையுள்ள நான்கு சக்கர இழுவை டிராக்டர், பொலபொலப்பான மண்ணில் தன் எடையில் ஏறக்குறைய பாதியைத்தான் இழுக்கும். அதாவது 450 கிலோ. கலப்பை கேட்பது 710. எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும், டயர் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டியில் இன்னும் மோசம்.

ஆக, இந்த அளவு டிராக்டருக்கு 5 கொழு. களிமண் என்றால் அதையும் ஆழம் குறைத்து, இரண்டு சாலாக ஓட்டுங்கள். வட்டத் தட்டு போட்ட சட்டிக் கலப்பை பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

படி 3: லிஃப்ட், இணைப்பு பின்

கேட்டலாகில் லிஃப்ட் 750 கிலோ என்று போட்டிருந்தால், அது லோயர் லிங்க், அதாவது கருவியை மாட்டும் கீழ்க் கைகள் இரண்டின் நுனியில் தூக்கும் எடை. கருவியின் கனம் அதற்குப் பின்னால் தள்ளி இருக்கும் என்பதால் உண்மையில் தூக்குவது குறையும். இதைவிட முன்பக்கம் லேசாவதுதான் ஆபத்து. கருவியைத் தூக்கிய நிலையில் டிராக்டர் எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் நிற்க வேண்டும். மண் தரையில் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் திரும்பியும் வண்டி நேராகவே வழுக்கினால் முன் எடை மாட்ட வேண்டும்.

கடைக்குப் போகும்போது வெர்னியர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கருவியை டிராக்டரோடு இணைக்கும் இரும்பு முளைதான் பின்; அதன் அளவு வகைதான் கேட்டகரி. கேட்டகரி 1 கருவியின் லோயர் பின் 22 மி.மீ., மேல் கையான டாப் லிங்க்கின் பின் 19. கேட்டகரி 2 என்றால் 28, 25. சின்ன பின், பெரிய ஓட்டை என்றால் அம்பத்தூரில் ஏதாவது ஒரு லேத்தில் புஷ் கடைந்து சமாளிக்கலாம். தலைகீழாக இருந்தால் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 1என் என்ற வகையில் பின் அதே 22தான், இரண்டு லிங்குக்கும் நடுவே உள்ள அகலம் குறைவு. அதையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

படி 4: ரோட்டவேட்டர்

சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி இது. சக்கரத்தின் இழுவையைவிட பிடிஓவை, அதாவது எஞ்சின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பின்பக்கத் தண்டை நம்பி ஓடுவது. 24 எச்பி டிராக்டரில் பிடிஓவுக்கு 20, 21 வரும். அதற்கு 3 முதல் 4 அடி அகல ரோட்டவேட்டர். இரண்டு பின் டயர்களின் வெளி விளிம்பை அளந்துகொள்ளுங்கள். 105 செ.மீ. இருந்தால் 3 அடி ரோட்டவேட்டர், அதாவது 91 செ.மீ., டயர் தடத்தை அழிக்காது. 4 அடி அழித்துவிடும். களிமண்ணில் ஆழத்தைக் குறைத்து, தாழ்ந்த கியரில் ஓட்டுங்கள்.

பிடிஓ ஷாஃப்ட்டின் மேல் கவசத்தைக் கழற்றிப் போடும் பழக்கம் நம் ஊரில் உண்டு. வேட்டியோ துப்பட்டாவோ மாட்டினால் நிமிடத்துக்கு 540 சுற்று. இழுத்துக்கொள்ள நேரமே தராது.

படி 5: விதைக்கும் கருவி

இதற்கு எச்பி பெரிதாக வேண்டாம், அளவுதான் வேண்டும். கடலைக்கு வரிசை இடைவெளி 30 செ.மீ., 5 வரிசை என்றால் 1.5 மீட்டர் அகலம். கருவியில் விதை தள்ளும் பகுதியைச் சுழற்றும் சக்கரத்தின் சுற்றளவும் 1.5 மீட்டர் என்று வைப்போம். கருவியைத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு பை கட்டி, சக்கரத்தைக் கையால் 20 முறை சுற்றுங்கள். 30 மீட்டர் ஓட்டியதற்குச் சமம், பரப்பு 45 சதுர மீட்டர். ஏக்கருக்கு 50 கிலோ பருப்பு விழ வேண்டுமானால் பைகளில் மொத்தம் ஏறக்குறைய 555 கிராம் இருக்க வேண்டும். ஒவ்வொரு பையையும் தனியாகவும் நிறுத்துப் பாருங்கள், உடைந்த பருப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மக்காச்சோளத்துக்கு 60 செ.மீ. இடைவெளி. பிறகு களை எடுக்க டிராக்டரை உள்ளே விட எண்ணம் இருந்தால், டயரின் மையத்திலிருந்து மையம் 120 செ.மீ. வைக்க முடியுமா என்று இப்போதே பாருங்கள். 21 செ.மீ. டயருக்கு இரு பக்கமும் 19 செ.மீ. மிஞ்சும்.

படி 6: வயலில் ஒரு சோதனை

வாங்கும் முன் அதே அளவுக் கருவியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள். வேளாண் பொறியியல் துறை கருவிகளை வாடகைக்குத் தருகிறது, தலைமை அலுவலகம் நந்தனத்தில்தான்.

பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு டயர் 10 சுற்று சுற்ற எவ்வளவு தூரம் போகிறது என்று அளங்கள். அப்புறம் கலப்பையை இறக்கி அதே 10 சுற்று. முதலில் 30 மீட்டர், பிறகு 26 என்றால் வழுக்கல் 13 சதவீதம், சரி. 23 மீட்டர்தான் வந்தது என்றால் ஆழத்தைக் குறையுங்கள், இல்லை பின் டயரில் முக்கால் பாகம் தண்ணீர் ஏற்றுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் ஓரத்துக் கொழு இரண்டையும் கழற்றிவிட்டு மீண்டும் அளங்கள்.