இரண்டு மானிட்டரில் ஒன்று மட்டும் கறுத்துப் போகிறதா? கடைக்குத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஒரு திரையில் டேலி, இன்னொன்றில் எக்செல். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு திரை கறுத்துவிடும். சில நொடியில் தானாக வரும், அல்லது வராமலே நிற்கும். ‘மானிட்டர் போச்சு’ என்று முடிவு கட்டி, காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூர் கடைக்கு வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நம் பக்கம் அதிகம். அவசரப்படாதீர்கள். எப்போது கறுக்கிறது என்பதைக் கவனித்தாலே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும்.

படி 1: நேரத்தைக் கவனியுங்கள்

கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே 5 அல்லது 10 நிமிடத்தில் கறுக்கிறதா? அது பழுதே இல்லை, செட்டிங்ஸ். மவுஸ் நகரும்போதே ஓரிரு நொடி கறுத்துத் திரும்பினால் கேபிள் மேல் சந்தேகப்படுங்கள். மோட்டார் போடும்போது, கரண்ட் போய் வரும்போது என்றால் கோளாறு மின்சாரத்தில்.

திரையில் ‘நோ சிக்னல்’ என்று எழுத்து வந்தால் மானிட்டர் உயிரோடுதான் இருக்கிறது, படம்தான் வந்து சேரவில்லை. எழுத்தும் இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் முதலில் பிளக்கைப் பாருங்கள்.

படி 2: செட்டிங்ஸ்

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போங்கள். திரை கறுக்கும் நேரம் அங்கேதான் இருக்கிறது. லேப்டாப் என்றால் சார்ஜரில் இருக்கும்போது ஒரு நேரமும் பேட்டரியில் ஓடும்போது வேறு நேரமும் இருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். உபுண்டுவிலும் செட்டிங்ஸுக்குள் பவர் பக்கத்திலேயே திரை கறுக்கும் நேரம் இருக்கிறது.

மானிட்டரின் சொந்த மெனுவையும் திறந்து பாருங்கள். இன்புட் ‘ஆட்டோ’வில் இருந்தால், எந்தப் போர்ட்டில் (கேபிள் மாட்டும் துளை) படம் வருகிறது என்று அது தானாகத் தேடப்போய்ச் சில சமயம் குழம்பும். எச்டிஎம்ஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட், எதில் மாட்டியிருக்கிறீர்களோ அதையே நிலையாக வைத்துவிடுங்கள்.

படி 3: மாற்றி மாட்டுங்கள்

இரண்டு மானிட்டர் இருப்பதே இங்கே வசதி. இரண்டும் ஒரே வகைக் கேபிள் என்றால், மானிட்டர் பக்கத்து முனைகளை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்றுங்கள். கம்ப்யூட்டர் பக்கம் கை வைக்காதீர்கள். பழைய மானிட்டரே மறுபடி கறுத்தால் குறை அதிலோ அதன் பவர் வயரிலோ இருக்கிறது. இப்போது மற்ற மானிட்டர் கறுத்தால், மானிட்டரை விட்டுவிடலாம். கேபிளா போர்ட்டா என்பதுதான் மிச்சம்.

அதையும் பிரித்துவிடலாம். இப்போது கம்ப்யூட்டர் பக்கத்து முனைகளை மாற்றுங்கள். கறுப்பு அந்த மானிட்டரிலேயே நின்றால் கேபிள் குற்றவாளி. முதல் மானிட்டருக்குத் திரும்பிவிட்டால் போர்ட். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றைச் சேர்த்து மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

படி 4: கேபிளின் தாங்குதிறன்

4கே மானிட்டர் வாங்கிவிட்டுப் பழைய எச்டிஎம்ஐ கேபிளை மாட்டினால் இந்தத் தொல்லை வரும். எச்டிஎம்ஐ 1.4-இல் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் போகும். 60 வேண்டுமென்றால் 2.0 தேவை. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் இந்த எண்ணை, அதாவது ரிஃப்ரெஷ் ரேட்டை, ஒரு படி குறைத்துப் பாருங்கள். கறுப்பது நின்றால் நல்ல கேபிள், முடிந்தவரை நீளம் குறைவானது, வாங்கினால் போதும். மானிட்டரை மாற்ற வேண்டியதில்லை.

படி 5: மின்சாரம்

நம்மூர் அக்னி நட்சத்திரத்தில் தெருவெல்லாம் ஏசி ஓடும்போது வோல்டேஜ் இறங்குவதும் கரண்ட் போய் வருவதும் சகஜம். பல வீடுகளில் சிபியு யுபிஎஸ்ஸில் இருக்கும். பிறகு வாங்கிய இரண்டாவது மானிட்டர் மட்டும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாகச் சுவரில் மாட்டியிருக்கும். கரண்ட் போனதும் அது மட்டும் கறுக்காமல் என்ன செய்யும்? இரண்டையும் யுபிஎஸ்ஸிலேயே கொடுங்கள். இன்வெர்ட்டர் என்றால் பின்பக்கம் ‘யுபிஎஸ் மோட்’ சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதில் போட்டால் கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறும் இடைவெளி குறையும்.

எர்த் சரியில்லாத பிளக்கும் காரணமாகலாம். நம்ப மாட்டீர்கள், உயரம் ஏற்றி இறக்கும் கேஸ் நாற்காலியிலிருந்து எழும்போது உண்டாகும் நிலைமின்சாரம்கூடச் சில திரைகளை ஒரு நொடி கறுக்க வைக்கும்.

படி 6: டிரைவர்

கீபோர்டில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரைக்குப் படம் அனுப்ப உதவும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் புதிதாகத் தொடங்கும். படம் திரும்பினால், இன்டெல், என்விடியா, ஏஎம்டி எதுவோ அதன் தளத்திலிருந்தே புது டிரைவரை இறக்கிப் போடுங்கள்.

இத்தனைக்கும் அசையவில்லை என்றால் கடைக்குப் போகலாம். மானிட்டரோடு உங்கள் கேபிளையும் பவர் வயரையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் தன் கேபிளில் மாட்டினால் படம் பளிச்சென்று வரும், ‘நல்லாத்தானே இருக்கு’ என்று திருப்பித் தந்துவிடுவார்.