மரமா, எஃகா? ரோலர் கோஸ்டர்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூரத்தில் மரச்சட்டங்களைப் பின்னிப் பின்னி எழுப்பிய ஒரு மலை தெரிந்தால், "அது மர ரோலர் கோஸ்டர்" என்று உடனே சொல்லிவிடுகிறோம். எஃகுத் தூண்கள் தெரிந்தால் "இது ஸ்டீல்" என்கிறோம். பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தாங்கி நிற்கும் சட்டத்தை வைத்து ஒரு கோஸ்டரின் வகையைச் சொல்ல முடியாது. சக்கரம் உருளும் தண்டவாளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், சீடர் பாயின்ட் பூங்காவில் 1978-இல் திறக்கப்பட்ட 'ஜெமினி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலிருந்து உச்சி வரை மரச்சட்டம்தான். ஆனால் ரயில் ஓடுவது எஃகுக் குழாய்த் தண்டவாளத்தில். அதனால் அது எஃகு கோஸ்டர். நியூயார்க்கின் கோனி ஐலண்டில் 1927 முதல் நிற்கும் 'சைக்ளோன்' இதற்கு நேர் எதிர். அங்கே சட்டம் எஃகு, தண்டவாளம் மரம். அது மர கோஸ்டர். படத்தை மட்டும் பார்த்து வகை பிரிப்பவர் இரண்டிலுமே ஏமாந்துபோவார்.

பெயர் சூட்டுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உடம்பு உணர்வதெல்லாம் அந்தத் தண்டவாளத்திலிருந்துதான் வருகிறது. மர கோஸ்டரில் பலகைகளைப் பல அடுக்காக அடுக்கி, மேலே ஒரு மெல்லிய எஃகுப் பட்டை பதிப்பார்கள். பெரும்பாலும் அதன்மேல் எஃகுச் சக்கரங்கள் ஓடும். ஒவ்வொரு மூட்டும், ஒவ்வொரு நெளிவும் இருக்கைக்கு வந்து சேரும். எஃகு கோஸ்டரில் தண்டவாளத்தைத் தொழிற்சாலையிலேயே வேண்டிய திசையில் வளைத்து, முறுக்கிக் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். சக்கரங்களில் நைலான் அல்லது பாலியூரித்தேன் உறை இருப்பதால் அதிர்வு அடங்குகிறது. கலிஃபோர்னியாவின் டிஸ்னிலேண்டில் 1959-இல் வந்த 'மேட்டர்ஹார்ன் பாப்ஸ்லெட்ஸ்' தான் முதன்முதலில் குழாய்த் தண்டவாளத்தைப் பயன்படுத்தியது. இன்று நாம் பார்க்கும் எஃகு கோஸ்டர்களின் வளைவு நெளிவெல்லாம் அங்கிருந்து வளர்ந்ததுதான்.

சரி, இப்போது கலப்பினங்களும் வந்துவிட்டன. அதே சீடர் பாயின்டில் 1991-இல் திறந்த 'மீன் ஸ்ட்ரீக்' என்ற மர கோஸ்டரின் சட்டத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே எஃகுத் தண்டவாளம் போட்டு 2018-இல் 'ஸ்டீல் வென்ஜென்ஸ்' என்று திறந்தார்கள். உயரம் 62 மீட்டர். நான்கு இடங்களில் தலைகீழாகத் திருப்புகிறது. இதைக் காட்டி "பார், மர கோஸ்டர் எவ்வளவு முன்னேறிவிட்டது" என்று பேசுவதும், "எஃகு எப்போதும் இப்படித்தான்" என்று பேசுவதும் இரண்டுமே பிசகு. கலப்பினத்தைக் கலப்பினத்தோடு வைத்துப் பேசுவதுதான் நியாயம்.

அடுத்த தவறு, எண்களை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது. உயரத்திலும் வேகத்திலும் எஃகை மரம் எட்டவே முடியாது. 2005-இல் நியூ ஜெர்சியில் திறந்து 2024-இல் ஓட்டத்தை நிறுத்திய 'கிங்டா கா' 139 மீட்டர் உயரம், மணிக்கு 206 கி.மீ. வேகம். அபுதாபியின் 'ஃபார்முலா ரோஸா' மணிக்கு 240 கி.மீ. தொடுகிறது. ஆனால் கிங்டா காவில் புறப்பட்டது முதல் நிற்பது வரை ஒரு நிமிடம்கூட ஆகாது. ஒஹையோவின் கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 1979 முதல் ஓடும் மர கோஸ்டர் 'தி பீஸ்ட்', 2.2 கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள் புகுந்து போகிறது. பயணம் நான்கு நிமிடத்தைத் தாண்டும். இதில் எது பெரிது என்று எந்த அளவுகோலால் சொல்வது?

வேகம் வேறு, வேக உணர்வு வேறு. மரச்சட்டத்துக்குள் நுழையும்போது குறுக்குச் சட்டங்கள் தலைக்கு மிக அருகில் பறப்பதுபோல் தோன்றும். மணிக்கு 70 கி.மீ. வேகமே 100 போலத் தெரியும். பென்சில்வேனியாவின் நோபெல்ஸ் பூங்காவில் உள்ள 'ஃபீனிக்ஸ்' வெறும் 24 மீட்டர் உயரம்தான். 1947-இல் டெக்சஸில் கட்டிய அதைப் பிரித்து எடுத்துவந்து 1985-இல் இங்கே நிறுத்தினார்கள். இருக்கையிலிருந்து உடம்பு எழும்பி மிதக்கும் அந்த 'ஏர்டைம்' விஷயத்தில் ரசிகர்கள் இன்றும் அதை முன்வரிசையில் வைக்கிறார்கள். அட்டவணையில் உயரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் அது கண்ணிலேயே படாது.

ஒரே ஒரு முறை ஏறிவிட்டு முடிவு சொல்வதும் பரவலான பழக்கம். மர கோஸ்டரில் இது இன்னும் அநியாயம், ஏனென்றால் இருக்கைக்கு இருக்கை அனுபவம் மாறும். சக்கர அச்சுக்கு நேர் மேலே உட்கார்ந்தவருக்குத் தூக்கிப் போடும். இரண்டு அச்சுக்கு நடுவே உட்கார்ந்தவர் அதே ரயிலில் ஓரளவு நிம்மதியாகப் போவார். முன்வரிசை, கடைசி வரிசை வித்தியாசமும் உண்டு. முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது ரயில் இன்னும் மெதுவாகத்தான் நகர்கிறது. கடைசிப் பெட்டி அங்கே வருவதற்குள் முன்பக்கத்தின் எடை கீழே இழுக்கத் தொடங்கிவிடும், ஆகவே அது உச்சியை வேகமாகக் கடக்கிறது, உடம்பும் அதிகம் எழும்புகிறது. எனக்குக் கடைசி வரிசைதான் பிடிக்கும். ஆனால் முதன்முறை ஏறுபவரிடம் நடுவில் உட்காரத்தான் சொல்வேன். அப்புறம் நேரமும் முக்கியம். காலையில் சக்கரத்தின் கிரீஸ் குளிர்ந்து இறுகியிருக்கும், மாலைக்குள் சூடாகி இளகி ரயில் வேகமெடுக்கும். காலையில் மர கோஸ்டர், மாலையில் எஃகு என்று ஏறிவிட்டு ஒப்பிட்டால் பாதி ஒப்பீடு கடிகாரத்துடையது.

"மரம் உதறும், எஃகு வழுக்கிக்கொண்டு போகும்" என்பதையும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தோள்பட்டைக் கவசத்தில் காதை மாறி மாறி இடிக்கும் பழைய எஃகு கோஸ்டர்கள் நிறைய உண்டு. மறுபக்கம், 2006-இல் வந்த 'எல் டோரோ' போன்ற மர கோஸ்டர்களில் தண்டவாளத்தைத் தொழிற்சாலையிலேயே துல்லியமாக வெட்டி, ஒட்டித் தயாரித்தார்கள். அவை ஓடிய விதம் எஃகையே நினைவுபடுத்தியது. ஆனால் அப்படிப்பட்ட தண்டவாளமும் தேயும். ஜெர்மனியின் ஹைடே பார்க்கில் 2001-இல் திறந்த 'கொலோசஸ்' 2016-இல் மூடப்பட்டு, தண்டவாளம் புதுப்பிக்கப்பட்டு 2019-இல்தான் மறுபடி ஓடியது. ஆகவே உதறல் என்றால் எந்த உதறல் என்று கேட்க வேண்டும். தடதடவென்ற ஒலியோடு வரும் சீரான அதிர்வு மரத்தின் இயல்பு, அதற்காகவே ஏறுபவர்கள் உண்டு. பள்ளத்தின் அடியில் முதுகில் குத்துவதுபோல் ஒரு இடி விழுந்தால், அது பராமரிப்புக்கான வேலை.

பாதுகாப்பு பற்றிய பயமும் பெரும்பாலும் கண்ணை நம்பியே வருகிறது. ரயில் போகும்போது மரச்சட்டம் லேசாக ஆடும், ஆடத்தான் வேண்டும். விசையை வாங்கிப் பரப்புவதற்காகவே அப்படி வடிவமைக்கிறார்கள். தச்சர்கள் தினமும் தண்டவாளத்தின் மேல் நடந்து ஆணி, போல்ட், பலகை என்று பார்ப்பார்கள், தேய்ந்த பகுதியை மாற்றுவார்கள். எஃகில் கோளாறு வேறு விதமாக வரும். 2023-இல் கேரோவின்ட்ஸ் பூங்காவின் 99 மீட்டர் உயர 'ஃபியூரி 325'-இல் ஒரு தூணில் பெரிய விரிசல் விழுந்ததைக் கவனித்துச் சொன்னவர் பூங்காவுக்கு வந்த ஒருவர். தூணை மாற்றிய பிறகே மறுபடி ஓட்டினார்கள். பார்த்தால் உறுதியாகத் தெரிவதற்கும் உறுதியாக இருப்பதற்கும் நடுவே இருப்பது ஆய்வுதான், மரமா எஃகா என்பது அல்ல.

மரத்தில் தலைகீழ்ச் சுழல் முடியாது என்பதும் பழைய பேச்சு. 2000-இல் சுழலோடு திறந்த 'சன் ஆஃப் பீஸ்ட்', 2006 விபத்துக்குப் பின் அந்தச் சுழலை இழந்து, 2009-இல் ஓட்டத்தையும் நிறுத்தியது உண்மை. ஆனால் 2013-இல் வந்த 'அவுட்லா ரன்' மேலடுக்கில் தடித்த எஃகு பொருத்திய மரத் தண்டவாளத்தில் மூன்று முறை தலைகீழாகத் திருப்பிக் காட்டியது.

கடைசியாக, காலத்தைக் கலப்பது. பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில் 1902-இல் கட்டிய 'லீப் தி டிப்ஸ்' ரயிலில், தண்டவாளத்துக்கு அடியில் பிடித்துக்கொள்ளும் சக்கரமே கிடையாது. கோஸ்டர் வடிவமைப்பாளர் ஜான் மில்லர் அந்த அடிச்சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றதே 1919-இல்தான். மேட்டில் வேகமாகப் போனால் பெட்டி கழன்றுவிடும் என்பதால் அதன் மேடுகள் தாழ்வாக, வேகம் குறைவாக இருக்கின்றன. அதில் ஏறி இறங்கி "இவ்வளவுதானா?" என்று கேட்பவர், அடிச்சக்கரம் வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முந்தைய ரயிலிலிருந்து இறங்கியிருக்கிறார்.